மூன்று பேருக்கு ஒரு முகவரி

அவிசாவளையைத் தாண்டி ருவான்வெல்லைப் பாதையில் பஸ் திரும்பியபோது செலினாவுக்குக் கழுத்து மரத்துப்போயிருந்தது. ஒரு மணி நேரம் நின்றுகொண்டே வந்து, பிறகு கிடைத்த அரை சீட்டில் பக்கத்து ஆளின் தோளோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மடியில் கறுப்புப் பை. பைக்குள் மூன்று தாள். இரண்டில் நேற்றே கையெழுத்து விழுந்துவிட்டது. மூன்றாவதில் இன்று ஷாமிளாவிடம் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. அதை வேலை என்று நினைத்ததே அவளுக்குக் கசந்தது.

அவளுடைய கார்டில் இருப்பது இது: செலினா அருள்தாஸ், பி.கொம், ஆலோசகர், சர்வதேசக் கல்விப் பரிமாற்றம் மற்றும் வணிகப் பயிற்சி. கித்துல்கலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் அவளுடைய லயத்து வரிசை வீடுகளிலிருந்து கம்பஸ் போன முதல் ஆள் அவள்தான். அங்கே இன்னும் யாருக்கும் அந்தக் கார்டில் இருப்பது என்ன உத்தியோகம் என்று புரியவில்லை. "ஏஜென்சியா பிள்ளை, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புறதா?" என்று கேட்பார்கள். இல்லை என்று விளக்க ஆரம்பித்து, பாதியில் அலுத்து, "அந்த மாதிரித்தான்" என்று விட்டுவிடுவாள்.

நடப்பது என்னவென்றால், வருடா வருடம் டென்மார்க்கிலிருந்து ஒரு தொழிற்கல்லூரியின் மாணவர்கள் பன்னிரண்டு பேர் வருவார்கள். கித்துல்கலையில் ஆற்றோரத்து ஹோட்டலில் தங்கி, பகலில் தோட்டத்துக்கு வந்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களிடம் கேள்வி கேட்பார்கள். செலினா மொழிபெயர்த்துச் சொல்வாள். "உங்கள் எதிர்காலத் திட்டம் என்ன?" என்று ஐம்பத்தாறு வயது மனிதரிடம் கேட்பார்கள். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "மழை பெய்யாம இருந்தா நாளைக்கு வெட்டலாம்" என்பார். அதை அவள் இங்கிலீஷில் சொல்ல, பன்னிரண்டு பேரும் எழுதிக்கொள்வார்கள். கடைசி நாள் பலகையில் மஞ்சள் தாள் ஒட்டி, வட்டமாக நின்று கைதட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கு மறுவாரம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவள் வணிகப் பயிற்சி நடத்த வேண்டும். மேல்மாடி என்ற ஒன்றே இல்லாத இடத்தில், லிப்டில் போகும் நேரத்துக்குள் முதலாளியிடம் தன் திட்டத்தைச் சொல்லி முடிப்பது எப்படி என்று பாடம்.

இரண்டு வருடமாக அவர்கள் வந்தார்கள், இங்கிருந்து யாரும் போகவில்லை. பரிமாற்றம் என்று பெயர். மூன்றாவது வருடம் செலினா கூட்டத்துக்குக் கூட்டம் கத்தி, கடைசியில் மூன்று இடம் வாங்கினாள். ஆறு மாதம், செலவெல்லாம் கல்லூரியுடையது. ருவான்வெல்லையில் ஷாமிளா. இரத்தினபுரிப் பக்கத்தில் ஒரே தோட்டத்தைச் சேர்ந்த நிரோஷன், ஜெறோம். மூன்று பேரையும் கல்லூரி ஸ்கைப்பில் பேசிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தும்விட்டது.

போன வாரம் திங்கட்கிழமைதான் விசா சென்டரிலிருந்து மெயில் வந்தது. மூன்று விண்ணப்பதாரர்களும் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரே வீட்டின் ஒரே மாடி அறையில் வசிப்பதாகக் குறிப்பிட்டுள்ளனர். இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கமும், உண்மையான வதிவிடத்துக்கு அத்தாட்சியும் தேவை.

அந்த மாடி அறை செலினாவின் வாடகை அறை.

அவள்தான் போட்டாள். பிள்ளைகள் தாளில் எழுதிக் கொடுத்த தோட்டத்து முகவரியை ஒன்லைனில் ஏற்றும்போது, மூன்று தடவையும் யோசிக்காமல் கொட்டாஞ்சேனை முகவரியை அடித்தாள். லயத்துக்குத் தபால்காரன் வரமாட்டான். கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும், அங்கே ஒரு பெட்டியில் கிடக்கும், யாராவது எடுத்துக் கொடுத்தால் உண்டு. அவளுக்கு பேங்க் இன்டர்வியூ கடிதம் வந்தது அப்படித்தான். பத்தொன்பது நாள் ஆபீசில் கிடந்து, இன்டர்வியூ முடிந்து ஆறாம் நாள், ஒரு கங்காணி மீன் வாங்கப் போன வழியில் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கடிதத்தில் மீன் வாடை அடித்தது. அன்றைக்கு முடிவெடுத்தாள், இனி தோட்டத்து ஆபீசை நம்பி ஒரு கடுதாசியும் இல்லை என்று. அந்த முடிவு அவளுடைய விரலில் இருந்தது. கேட்காமலே வேலை செய்தது.

அவள் வேலை செய்யும் கம்பனியின் டைரக்டர் ஹிஷாம் ஒரு வாரம் மெயிலைத் திறக்காமலே வைத்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.

"செலினா, பெருசாக்காதீங்க. ஒரு லெட்டர் டிராப்ட் பண்ணியிருக்கன். பிள்ளைகள்ட்ட ஒரு சைன் எடுத்தா போதும்."

"என்ன லெட்டர் சேர்?"

"அந்த அட்ரஸ் அவங்களே குடுத்ததாம், தெரியாம குடுத்துட்டாங்களாம், கம்பனிக்குப் பொறுப்பு இல்லையாம். அவ்வளவுதான்."

"அது பொய் சேர். நான்தானே போட்டன்."

"உங்கட பேர் அதுல வந்தா கம்பனிட பேர் வரும். கம்பனிட பேர் வந்தா அடுத்த வருஷம் புரோகிராமே இல்ல. மூணு பிள்ளைகள் முக்கியமா, வாற வருஷம் வாற முப்பது பிள்ளைகள் முக்கியமா? உங்கட கொன்ட்ராக்டும் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்குதானே?"

அவர் அதட்டிச் சொல்லவில்லை. அதட்டியிருந்தால் அவளும் திருப்பிக் கத்தியிருப்பாள். அவர் களைத்துப்போன குரலில் சொன்னார், அவளும் களைத்திருந்தாள். "சரி சேர்" என்றாள்.

நேற்று நிரோஷனும் ஜெறோமும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். "மிஸ் சொன்னா சரி" என்றான் நிரோஷன். அவன் அம்மா பிளேன்டீயும் மாரி பிஸ்கட்டும் கொடுத்தாள். செலினா பிஸ்கட்டைத் தின்றாள், தாளை மடித்துப் பையில் வைத்தாள். பொய்யான முகவரி கொடுத்ததாகத் தானே எழுதிக் கொடுத்தவனுக்கு இந்தத் தடவை விசா கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த தடவை, வேறு எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும், முன்பு மறுக்கப்பட்டதா என்று ஒரு கேள்வி வரும் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிஸ்கட்டைத் தின்றாள்.

ஹீன்கந்தைத் தோட்டத்துக்குச் சந்தியிலிருந்து த்ரீவீலர் பிடித்தாள். லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டுக்கு முன்னால் ஷாமிளா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது, மெலிந்த உடம்பு, பேசுவதற்கு முன் ஆளை ஒரு தடவை அளந்து பார்க்கும் பழக்கம்.

"வாங்க மிஸ். விசா வந்திருச்சா?"

"இல்ல. ஒரு சின்னச் சிக்கல். நீ ஒரு கையெழுத்து வைக்கணும்."

ஷாமிளா கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். பேனையை வாங்கவில்லை. நின்றபடியே வாசித்தாள். முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தாள்.

"இது என்ன மிஸ், கொட்டாஞ்சேனை? நான் கொட்டாஞ்சேனை பாத்ததே இல்லையே."

"அது என்னோட அட்ரஸ்."

"உங்க அட்ரஸை நான் குடுத்தேன்னு இதுல போட்டிருக்கு."

"ஆமா."

"நான் எப்ப குடுத்தேன்? நான் எழுதிக் குடுத்தது ஹீன்கந்தை எஸ்டேட், மத்தியப் பிரிவு. உங்க கையிலதான் குடுத்தேன். நீல பேனையில."

செலினா பயிற்சிகளில் கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவள். இப்போது வாசற்படியில் உட்கார்ந்தாள். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

"நான்தான் மாத்திப் போட்டேன். உங்களுக்கு வாற லெட்டர் ஆபீஸ்ல கிடந்து வீணாப் போயிரும்னு பயந்து போட்டேன். எனக்கு அப்படி ஆச்சு. ஒரு பேங்க் வேலையே போச்சு."

"எந்த ஆபீஸ்ல?"

"எங்க தோட்டத்து ஆபீஸ்ல. எல்லாத் தோட்டத்துலயும் அப்படித்தானே."

ஷாமிளா சிரித்தாள். சந்தோஷத்தில் வந்த சிரிப்பில்லை.

"மிஸ், இங்க தபாலைப் பிரிக்கிறதே நான்தான்."

"என்னது?"

"ஒரு வருஷமா. ஆபீஸ் கிளாக்கருக்குக் கண் ஆபரேசன் பண்ணினதுல இருந்து. திங்க, புதன், வெள்ளி காலையில போய்ப் பிரிச்சு, லயத்து லயத்துக்குக் கட்டி, பால் நிறுக்க வாறவங்க கையில அன்னைக்கே குடுத்துருவேன். டென்மார்க் காலேஜ் அனுப்பின புக்கே ஆபீசுக்குத்தான் வந்திச்சு. நானேதான் பிரிச்சு எடுத்தேன்."

"சம்பளம் குடுக்குறாங்களா?"

"கம்பியூட்டர்ல இன்டர்நெட் பாக்க விடுறாரு. காலேஜோட ஸ்கைப் இன்டர்வியூவே அங்க இருந்துதானே பேசினேன். நீங்க கேக்கலியே, எங்க இருந்து பேசுறன்னு."

உண்மைதான். கேட்கவில்லை. 'தேவைகளைக் கண்டறிதல்' என்று ஒரு முழுநாள் பயிற்சியை நடத்துகிறவள் அவள். சமூகத்தைக் கேளுங்கள், ஊகிக்காதீர்கள் என்று வெள்ளைத்தாளில் பச்சை மையால் எழுதி, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள். அவளுக்குக் கேட்க வேண்டிய தேவை இருந்ததில்லை. லயத்தில் பிறந்தவளுக்கு லயத்தைப் பற்றி யாரிடம் கேட்க வேண்டும்? பன்னிரண்டு வருடமாகக் கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு, பழைய ஒரு மீன் வாடையை வைத்து, மூன்று பேரின் வாழ்க்கையைப் படிவத்தில் நிரப்பிவிட்டாள்.

வெட்கத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஹிஷாம் மேல், மெயில் அனுப்பியவன் மேல், அந்தக் கங்காணி மேல். சுற்றிச் சுற்றி வந்து தன் மேலேயே விழுந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டா விசா கிடைக்குமா மிஸ்?" என்றாள் ஷாமிளா.

"கிடைக்காது."

"போடாட்டி?"

"விளக்கம் இல்லாட்டியும் கிடைக்காது."

"அப்ப நான் எதுக்குப் போடணும்? கம்பனிக்கு நல்லதா?"

"ஆமா. எனக்கும்."

ஷாமிளா தாளை நான்காக மடித்து அவள் மடியில் வைத்தாள். "உண்மையச் சொன்னதுக்கு நன்றி மிஸ். ஆனா இதச் சொல்ல இவ்வளவு தூரம் பஸ்ல வந்தீங்களே, அதுதான் எனக்குச் சிரிப்பா இருக்கு."

அப்போதுதான் மூக்கையா வந்தார். ஷாமிளாவின் அப்பா. பால் நிறுத்துவிட்டு வந்த கையில் ரப்பர் வாடை. மகள் விஷயத்தைச் சொன்னாள், பாதிதான் சொன்னாள், அதற்குள் அவர் முகம் விழுந்துவிட்டது.

"கொழும்புல இருக்கிறதா எழுதிட்டாங்களா? அப்ப எம் புள்ள பேரைத் தோட்டத்துல இருந்து வெட்டிருவாங்களா மிஸ்? தோட்டத்து ஆளுங்களுக்குக் குடுக்குற புது வீட்டு லிஸ்ட்டு இப்பதான் எடுக்குறாங்க."

"அதெல்லாம் இல்லண்ணே."

"இல்லைன்னு நீங்க சொல்றீங்க. முந்தியும் நீங்கதான் சொன்னீங்க, எல்லாம் சரி, பேக் வாங்கி வைங்கன்னு. வாங்கி வச்சிருக்கேன். அந்தா இருக்கு பாருங்க, சக்கரம் வச்ச பேக்."

அவர் சத்தம் போடவில்லை. உள்ளே போய் முகம் கழுவும் சத்தம் கேட்டது. செலினா எழுந்தாள்.

"ஷாமிளா, கிளாக்கர் இப்ப இருப்பாரா?"

"இருப்பாரு. எதுக்கு?"

"தோட்டத்து லெட்டர் வேணும், நீ இங்கதான் இருக்கன்னு. அத வச்சு கிராம சேவகர்ட்ட வதிவிடப் பத்திரம் எடுக்கணும். இன்னைக்கு செவ்வா, அவர் ஆபீஸ்ல இருக்கிற நாள்."

மூக்கையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "நானும் வாறேன்."

ஆபீஸ் கீழே, ஸ்டோருக்குப் பக்கத்தில். பெரிய கிளாக்கர் ரத்நாயக்க மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு மூன்று பேரையும் பார்த்தார். அவர் சிங்களம் கலந்த தமிழ் பேசுவார். செலினா சிங்களத்தில் ஆரம்பித்தாள், அவர் தமிழில்தான் பதில் சொன்னார்.

"நங்கி, நம்ம தங்கச்சி, இங்கதான் இருக்கு. எனக்குத் தெரியாதா? அது இல்லாட்டி எனக்குத் தபாலே இல்ல." ஷாமிளாவைப் பார்த்துத் தலையாட்டினார். "ஆனா மிஸ், கவுர்மென்ட் பேப்பர்ல கொழும்புன்னு இருக்கு. நான் இங்கன்னு லெட்டர் குடுத்தா, ரெண்டுல ஒண்ணு பொய். நாளைக்கு எம்பசியில இருந்து போன் பண்ணிக் கேட்டா? தோட்டத்துத் தொரை யாரைக் கேப்பாரு? என்னைத்தான் கேப்பாரு."

"கவுர்மென்ட் பேப்பர் இல்ல மாத்தயா, விசா அப்ளிகேஷன்."

"எல்லாம் பேப்பர்தானே."

"அந்த அட்ரஸை அவ போடல."

"அப்ப யாரு போட்டது?"

மூக்கையா செலினாவைப் பார்த்தார். ஷாமிளா பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த மழை அட்டவணையை வாசிப்பதுபோல் நின்றாள். அவள் காப்பாற்றுகிறாளா, தண்டிக்கிறாளா என்று செலினாவுக்குத் தெரியவில்லை.

"நான் போட்டேன்."

"ஹரி, சரி. அத எழுதிக் குடுங்க." கிளாக்கர் ஒரு தாளை நீட்டினார். "எழுதி, சைன் போட்டு, ஐடி நம்பரும் போடுங்க. ஒரு கொப்பி பைலுக்கு. அப்ப தொரைக்கும் பயமில்ல, எனக்கும் பயமில்ல. லெட்டர் அரை மணித்தியாலத்துல தாறேன்."

அவ்வளவு சுலபம். அவர் கேட்டது ஒரு தோட்டத்து ஆபீஸ் எப்போதும் கேட்கும் காகிதம். அதே தாளை விசா சென்டருக்கும் அனுப்பலாம், அனுப்பித்தான் ஆக வேண்டும். அனுப்பிவிட்டால் ஹிஷாமின் டிராப்ட் குப்பை. அவளுடைய கொன்ட்ராக்டும்தான்.

பேனையை எடுத்தாள். தத்துவமாக ஒன்றும் தோன்றவில்லை. கொட்டாஞ்சேனை அறை வாடகை தோன்றியது. இந்த வேலைக்கு முன் எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தது தோன்றியது. தேவாலயத்தில் சந்தித்தவர்களெல்லாம் "இன்னும் ஒண்ணும் சரிவரலையா மகள்?" என்று கேட்டது தோன்றியது. பிறகு எழுதினாள்.

'விண்ணப்பதாரர் தன் சரியான முகவரியை எழுத்தில் என்னிடம் தந்தார். அதை அவரிடம் கேட்காமலும் அவருக்குத் தெரிவிக்காமலும் என் முகவரியாக மாற்றிப் பதிந்தது நான். அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.' இங்கிலீஷிலும் எழுதினாள். பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து.

ஷாமிளா இப்போதுதான் அருகில் வந்தாள். தாளை எடுத்து, மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசித்தாள்.

"தோட்டத்து ஆபீசைப் பத்தி நீங்க பயந்தது இதுல இல்லையே."

"அத எதுக்கு?"

"சரிதான். அது வேற." தாளைக் கிளாக்கரிடம் கொடுத்தாள். திரும்பி மெதுவாகச் சொன்னாள், "முந்தி இங்கயும் அப்படித்தான் இருந்திச்சாம் மிஸ். அம்மா சொல்லும்."

செலினா தாளைப் படம் எடுத்து விசா சென்டருக்கும் ஹிஷாமுக்கும் அனுப்பினாள். நான்கு நிமிடத்தில் போன் அடித்தது. ஆபீஸ் வாசலுக்குப் போய் எடுத்தாள்.

"செலினா, இது என்ன?"

"விளக்கம் சேர். அவங்க கேட்டது."

"நான் தந்த லெட்டர் எங்க?"

"ஷாமிளா வாசிச்சிட்டா."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு. "உங்களுக்கு விளங்குதா, நாளைக்கு போர்ட் மீட்டிங்ல நான் என்ன சொல்றது?"

"நான் செஞ்சேன்னு சொல்லுங்க. உண்மைதானே. என்னை நிப்பாட்டிட்டதாகவும் சொல்லுங்க, கம்பனிக்கு நல்லது."

"நான் அப்படிச் சொல்லல்ல."

"சொல்லுவீங்க சேர்."

"புரோகிராம் பைல்களை வெள்ளிக்கிழமைக்குள்ள ஒப்படைங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. வைத்துவிட்டார்.

உள்ளே துரையின் கையெழுத்தோடு கடிதம் வந்துவிட்டது. ஊதா முத்திரை இன்னும் காயவில்லை. மூக்கையா அதை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து, ஊதி ஊதிக் காயவைத்தார். கிராம சேவகர் ஆபீஸ் மூன்று மணிக்குப் பூட்டுவார்கள், நடந்தால் இருபது நிமிடம் என்று ஷாமிளா கணக்குச் சொன்னாள்.

"விசா கிடைக்கும்னு சொல்ல மாட்டேன்," என்றாள் செலினா. "கிடைக்க இடம் இருக்கு. அவ்வளவுதான்."

"போதும் மிஸ்."

"மிஸ், வேலை போயிருச்சா?" என்றார் மூக்கையா.

"போயிருச்சுண்ணே."

அவர் கடிதத்தை மகளிடம் கொடுத்தார். ஆறுதல் வரவில்லை, நன்றியும் வரவில்லை. "சோறு தின்னுட்டுப் போங்க" என்றார்.

"இல்லண்ணே. பஸ்ஸை விட்டா அவிசாவளையில நிக்கணும்."

ஷாமிளா த்ரீவீலர் வரைக்கும் கூட வந்தாள். செலினா ஏறி உட்கார்ந்த பிறகு, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"மத்த ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டாங்களா?"

செலினா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "போட்டாங்க."

"வாசிச்சா?"

செலினா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். ஷாமிளா கம்பியை விட்டாள். "நேரமாச்சு, அப்பா நிக்கிறாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே வண்டி குலுங்கி இறங்கியது. வேலை போன ஆள் நாளைக்குத் தூங்கலாம். காலை ஒன்பது வரைக்கும்கூட. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து ஒரு நாளாவது அப்படித் தூங்க வேண்டுமென்று ஆசைப்பட்டிருக்கிறாள். சந்தி வந்தது. இறங்கிக் காசு கொடுத்துவிட்டு, பஸ் தரிப்பில் நின்றுகொண்டே போனை எடுத்தாள்.

"நிரோஷன், நேத்து கையெழுத்து வச்ச பேப்பரை வாசிச்சியா?"

"இல்ல மிஸ். ஏன், பிழையா?"

"பிழை. என்னோட பிழை. அது வேணாம், வேற எழுதணும். ஜெறோமையும் நிக்கச் சொல்லு." நிறுத்தினாள். இரத்தினபுரிக்குக் காலையில் எத்தனை மணி பஸ் என்று அவளுக்குத் தெரியும். மற்றது தெரியாது. "உங்க தோட்டத்து ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"

"எட்டுக்கு மிஸ். ஆனா கிளாக்கர் ஒம்பதுக்குத்தான் வருவாரு."

"தபால் யாரு பிரிக்கிறது?"

"தபாலா?" அவன் யோசித்தான். "அது பெட்டியில கிடக்கும் மிஸ். போய்த் தேடி எடுத்துக்கணும்."

"சரி. எட்டுக்கே வாறேன்."